நான் எழுதிக் கொடுத்த வயது

என் மகள் சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். போன் எடுத்ததும் நான் முதலில் கேட்பது, "பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா?" என்பதுதான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"அம்மா, இது ஜெயில் இல்ல. என் கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருக்கேன்" என்பாள். சில நாள் கோபம் வரும். சில நாள் சிரிப்பாள். "யாரும் இல்லைன்னு சொன்னா மட்டும் நீ நம்பிருவியாக்கும்?"

நம்பமாட்டேன்தான். ஏன் என்று அவளுக்கு முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

செம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரில், அரசு உதவி பெறும் கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. கல்யாணமாகி வந்த ஊரும் அதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்போம். தொண்ணூறுகளின் தொடக்கம்கூட அங்கே பிறப்புச் சான்றிதழோடு வருகிறவர்கள் குறைவாக இருந்த காலம். பிரசவம் பாதிக்கு மேல் வீட்டில்தான். எப்போது பிறந்தது என்று கேட்டால், "கம்மா ஒடஞ்ச வருசம் டீச்சரம்மா", "எங்க மாமியா செத்ததுக்கு மறு மாசம்" என்று பதில் வரும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பிள்ளையை நேராக நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். விரல் காதை எட்டினால் ஐந்து வயது. சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. ஐந்து வருடம் பின்னால் எண்ணி, ஜூன் மாதத்தில் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போடுவோம். எங்கள் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினால் ஊரே ஜூன் மாதத்தில் பிறந்ததாக இருக்கும்.

"நல்ல தேதியாப் பாத்துப் போடுங்க டீச்சரம்மா" என்பார்கள் தாய்மார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் போட்ட தேதியைத்தான் அந்தப் பிள்ளைகள் ரேஷன் கார்டிலும் கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கிறவர்களிடமும் சொன்னார்கள்.

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அதே காலையில், காலனித் தெருவிலிருந்து ஒருத்தி தன் மகளைக் கூட்டி வந்தாள். அவள் எங்கள் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்கு வருகிறவள். இருவரும் ஒரே சமயத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளாக இருந்தோம். நான் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பெற்றேன். பத்து நாள் கழித்து அவள் தன் வீட்டில் பெற்றாள். அதனால் அந்தப் பிள்ளையின் வயதை அறிய நான் காதைத் தொடச் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனாலும் சொன்னேன், எல்லோருக்கும் சொல்வதால். அவள் காதைத் தொட்டதோடு நிற்காமல், எட்டியதே என்று அதைச் சொறிந்தும் கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

தேதிக் கட்டம் வந்ததும் அவள் அம்மா, "பாப்பாவுக்குப் போட்டதையே இதுக்கும் போட்டு விடுங்களேன். பத்து நாளு முன்னப் பின்னதானே?" என்றாள். போட்டேன். அந்தப் பக்கத்தில் எல்லாம் ஜூன்; இரண்டு பேருக்கு மட்டும் ஆகஸ்ட். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே தேதி.

அந்தப் பெண் படிப்பில் நடுத்தரம். ஆனால் மணி அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து அதை அடிப்பது அவள் வேலை. கடிகாரம் பார்க்கமாட்டாள். கொடிக்கம்பத்து நிழலைப் பார்ப்பாள். பிரதான சாலையில் போகும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்பாள். "பழனி பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டான் டீச்சர், அடிக்கவா?" என்று எழுந்து நிற்பாள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக இருக்கும். ஒருமுறை கடிகாரம் நின்றுபோய், அவளைக் கேட்டு நான் திருப்பி வைத்ததும் உண்டு.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் என் மகள் பஸ் ஏறிச் செம்பட்டிக்குப் படிக்கப் போனாள். அந்தப் பெண் தன் அம்மாவோடு வெங்காயக் காட்டுக்கு வந்தாள்.

ஒரு வருடம் கழித்து, சித்திரை வெயிலில், அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. அவள் உட்காரமாட்டாள் என்று தெரிந்துதான் போட்டேனோ என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். கூட வந்த ஆள் உட்கார்ந்தார். ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் தலைவர் படம் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போகும் வேலையும் அவருடையதுதான்.

அவர் ஒரு மஞ்சள் நோட்டீஸை நீட்டினார். மாலை போட்ட மணப்பெண் படம் அச்சடித்திருந்தது. மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. சாப்பாடு உண்டு, டிவி உண்டு. வயது மட்டும் பதினெட்டு இருக்க வேண்டும்.

"பதினெட்டு ஆவணும்னு சொல்றாக டீச்சரம்மா" என்றாள் அவள் அம்மா. "நீங்க போட்ட தேதிதானே. செத்த முன்னால தள்ளிப் போட்டுக் குடுங்க."

கட்சிக்காரர் சிரித்தார். "ஊர்ல பாதிப் பேருக்கு நீங்கதான் பொறந்த நாள் வச்சீங்க டீச்சர். இன்னொரு தடவ வைக்கிறதுக்கு என்ன?"

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்று, புதியவர் வரும்வரை நான்தான் பொறுப்பில் இருந்தேன். முத்திரை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. வெயிலில் குனிந்து வெங்காயம் பறிப்பதைவிட, நிழலில் ஒரு வேலை, மூன்று வேளைச் சோறு, கல்யாணத்துக்குக் கையில் கொஞ்சம் காசு. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன். இன்னார் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார், பிறந்த தேதி இது என்று ஒரு சான்று எழுதினேன். ஆகஸ்டை எடுத்துவிட்டு, நான்கு வருடம் பின்னால் தள்ளி, பழக்க தோஷத்தில் ஜூன் என்று போட்டேன். அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பொறுப்புக் காலத்தில் மூன்று பெண்களுக்கு இப்படி எழுதினேன். மற்ற இரண்டு பேரும் அவளைவிட ஒரு வயது மூத்தவர்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படித்தவர்கள். மூவரும் ஒரே வேனில் போனார்கள்.

அப்போது எங்கள் தெருவில் போன் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் அவள் மில்லிலிருந்து பேசுவதென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை. அவள் அம்மா வந்து காத்திருப்பாள்.

"நல்லா இருக்கேன். சாப்ட்டேன். வேல நல்லா இருக்கு." ஒவ்வொரு வாரமும் இதே மூன்று வாக்கியம், இதே வரிசையில். "வேற என்ன புள்ள?" என்று அவள் அம்மா கேட்பாள். பதில் வராது. முதல் மாதம் கூச்சம் என்று நினைத்தோம். பிறகு ஒரு ஞாயிறு, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "போதும், வை" என்றது. பக்கத்தில் எப்போதும் வார்டன் நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் அம்மா வர நேரமாகிவிட, போனை நான் எடுத்தேன். மூன்று வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள். பிறகு சட்டென்று, "டீச்சர், அங்க இப்ப மணி என்ன?" என்றாள்.

"நாலரை. ஏம்மா?"

"வெயிலு அடிக்குதா?"

அடிக்கிறது என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. ஷிப்டு வாராவாரம் மாறும், விடுதி ஜன்னல்களுக்கு அட்டை அடைத்திருக்கிறார்கள், பகலில் தூங்க வைப்பதற்காக என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நேரத்தைக் கேட்டே அறியாத பிள்ளை என்னிடம் நேரம் கேட்டது என்பதுதான். அதை அவள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கார்த்திகையில் வார்டனே பேசினாள். "சின்ன அடி. ஆஸ்பத்திரியில காட்டிக் கட்டுப் போட்டாச்சு. யாரும் வர வேணாம்."

அவள் அம்மா மறுநாளே போனாள். மாதத்தின் முதல் ஞாயிறுதான் பார்க்கும் நாள் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் பொறுத்து, அந்த ஞாயிறன்று போனபோது பார்க்க விட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த மிஷினில் பஞ்சைத் துடைத்தபோது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவள் அம்மா அழுதிருக்கிறாள். மேனேஜர் ஒரு தாளைக் காட்டியிருக்கிறார்.

"பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணு. இருக்கேன்னு அவளே எழுதிக் கொடுத்திருக்கா. மேஜரை இழுத்துட்டுப் போக நீங்க யாரு?"

வார்டனுக்கு முன்னால் அந்தப் பெண்ணும், "இருக்கேன்மா" என்றாளாம்.

இதையெல்லாம் என் வாசலில் நின்று அவள் அம்மா சொன்னாள். மகளிர் குழுவில் யாரோ வழி சொல்லியிருந்தார்கள்: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் தாய் கூட்டிப் போவதை ஒருத்தரும் தடுக்க முடியாது.

"டீச்சரம்மா, நிசத் தேதிய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. முதல்ல எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்த போட்டுருங்க. அம்புட்டுதான்."

அவளுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அது வேலை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. இரண்டாவது திங்கட்கிழமை, பதிவேடு இருக்கும் பீரோச் சாவி புதிய தலைமையாசிரியரிடம் இருக்கிறது என்றேன். இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார். அந்த வாரம்தான் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். மகளின் புத்தகப் பையைப் பார்த்து, "பாப்பா பத்தாவது இல்ல? நல்லாப் படிக்கட்டும். இந்தச் சமயத்துல வீட்டுல ஒரு பிரச்சினை, கிரச்சினைன்னு வரக் கூடாது டீச்சர்" என்றார். எழுந்து போகும்போது டம்ளரை அவரே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். அவ்வளவு மரியாதையான மனிதர்.

என் கணவர், "எல்லாரும் செய்யறதத்தான் நீ செஞ்ச. நீ ஒருத்தி மட்டும் போய் மாட்டிக்கணுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னைப் போலவே.

சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பங்கில் பாவம் கேட்கிற சாமியார்தான் எங்கள் பள்ளியின் தாளாளர். பாவத்தைச் சொன்னால் அது மேலிடத்துக்குச் சொன்னதாகவும் ஆகிவிடும். திண்டுக்கல்லில் என்னைத் தெரியாத ஒரு மாதா கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாவது திங்கட்கிழமையும் போயிற்று. அந்த மூன்று வாரமும் அந்தப் பிள்ளை கட்டுப் போட்ட கையோடு உள்ளேதான் இருந்தாள். இடது கையால் விடுதியைப் பெருக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

என் மகளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. குழாயடியில் தெரியாத விஷயம் எது? ஒரு மாலை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"அவளுக்குப் பதினெட்டுன்னா எனக்கு என்ன வயசும்மா?"

அடுப்பில் வெஞ்சனம் தீய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய் இறக்கவில்லை.

நான்காவது திங்கட்கிழமை, சேர்க்கைப் பதிவேட்டை ஒரு பழைய சேலையில் சுற்றிக்கொண்டு போனேன். புதிய தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தபோது காரணம் கேட்கவில்லை. பதிவேட்டை எடுத்ததற்குக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். அவள் அம்மா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

மனுவைத் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்பினார்கள். அவர் மேசையில் மில்லிலிருந்து வந்த தாள்கள் ஏற்கெனவே இருந்தன. மேலே என் சான்றின் நகல். என் கையெழுத்து, என் முத்திரை. நான் பதிவேட்டைப் பிரித்து வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"என்னம்மா இது, உங்க ஊர்ல எல்லாப் பிள்ளையும் ஜூன் மாசம்தான் பொறக்குமா?"

பக்கத்து மேசை கிளார்க் சிரித்தார். "பள்ளிக்கூடம் தெறக்கறத எதிர்பாத்துக்கிட்டே பொறக்குங்க சார்."

விரல் ஆகஸ்டில் வந்து நின்றது. "இங்க ரெண்டு பேருக்கு ஒரே தேதி. இரட்டையா?"

"ஒண்ணு என் பொண்ணு சார். பத்து நாள் வித்தியாசம். அவ தேதியையே இவளுக்கும் போட்டேன்." என் மகளின் ஆஸ்பத்திரிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை. "உங்க பொண்ணு தேதிய ஊரான் பிள்ளைக்குப் போட்டிருக்கீங்க. அப்புறம் அதே பிள்ளைக்கு நாலு வயசு கூட்டி இன்னொண்ணு போட்டிருக்கீங்க. இப்ப வந்து பழசுதான் நிசம்ங்கறீங்க. ரெண்டுமே உங்க கையெழுத்து. நான் எதம்மா நம்பறது?"

இத்தனை வருடம் நல்லெண்ணத்தோடு நிரப்பிய ஒவ்வொரு கட்டமும் அந்த மேசைமேல் எனக்கு எதிராக விரிந்து கிடந்தது. உண்மையான ஒரே தேதிகூட அந்த ஜூன்களுக்கு நடுவில் பொய்யைப் போலத் தெரிந்தது.

அப்போது அவள் அம்மா பேசினாள். "ஐயா, இவுக பெத்த பத்தாம் நாளு இவுக வீட்டுப் பாப்பாவப் பாக்கப் போனேன். வெந்நீ வச்சுக் குடுத்துட்டு நிக்கும்போதே எனக்கு இடுப்பு வலி கண்டுருச்சு. அன்னிக்குப் பொறந்த புள்ள இது. எனக்குத் தேதி தெரியாது. புள்ள தெரியும்."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுத்தால், அரசு ஆஸ்பத்திரியில் வயதுப் பரிசோதனைக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மாதிரி வேற யாருக்கும் எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லை சார்" என்றேன்.

அவர் அதையும் எழுதச் சொன்னார். கடைசி வரியாக அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பரிசோதனைக்கு அவளை மில் வேனில் கொண்டுவந்தார்கள். என் மகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, "நானும் வாரேன்" என்று என்னோடு வந்திருந்தாள். வேனிலிருந்து இறங்கியவள் எங்களைப் பார்த்ததும் வலது கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். நிறம் வெளுத்து, கண்களைச் சுருக்கி, வெளிச்சத்துக்குப் பழகாதவளைப்போல நின்றாள். மகள்தான் முதலில் போனாள். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் நாளில் செய்வதுபோல அவள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தலைக்கு மேல் கையை வைத்து உயரம் பார்த்தாள். ஒரு சாண் வித்தியாசம் இருந்தது.

"ஏய், எட்டு மாசத்துல பனைமரம் கணக்கா வளந்துட்டியேடி" என்றாள் அவள்.

"நீ குட்டையாயிட்ட" என்றாள் என் மகள். இருவரும் சிரித்தார்கள். பிறகு என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பதினாறுக்கு மேல் இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே தாயோடு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. நாங்கள் கேட்டில் போய்க் காத்திருந்து கூட்டி வந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தென்னந்தோப்புகளுக்கு மேலே சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மணி மூணு இருக்குமா டீச்சர்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "அஞ்சேகால்மா."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விரலுக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. பள்ளி கொடுத்த பொய்ச் சான்றால் தாங்கள்தான் ஏமாற்றப்பட்டோம் என்று மில் எழுதிக் கொடுத்தது. எட்டு மாதத்து வேலைக்குச் சேர வேண்டியதும், பாதியில் நின்றுவிட்டதால் இல்லை என்றார்கள். சட்டம் தேடிப் பிடித்த ஒரே குற்றவாளி நான். விசாரணை நடந்தது, இரண்டு வருட ஊதிய உயர்வு நின்றது. வேலை போகவில்லை. கட்சிக்காரரின் வேன் அடுத்த ஆளைத் தேடி வேறு பள்ளிகளுக்குப் போனது. அடுத்த தேர்தலில் அவர் ஜெயித்தார். வாக்கு கேட்டு எங்கள் வாசலுக்கும் வந்து கும்பிட்டார்.

அவள் அம்மா அதற்குப் பிறகு எங்கள் காட்டுக்கு வேலைக்கு வரவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில், எல்லோர் காதிலும் விழும்படி, "புள்ளைய மீட்டுக் குடுத்தீக, இல்லைங்கல. ஆனா மூணு திங்கக்கிழமை எங்கே போயிருந்தீக?" என்றாள். நான் கணக்கு வைத்திருந்ததைப் போலவே அவளும் வைத்திருந்தாள்.

மற்ற இருவரும் மூன்று வருடத்தையும் உள்ளேயே முடித்தார்கள். நான் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்ட அன்று, அதே மில்லில், அதே அட்டை அடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். அவர்கள் பெயரையும் அன்றே சொல்லியிருந்தால், அவர்களும் அந்த வாரமே வெளியே வந்திருப்பார்கள். ஒன்று என்றால் தவறிப்போய்ச் செய்தது எனலாம். மூன்று என்றால் தொழிலாகச் செய்தது என்பார்கள், வேலை நிச்சயம் போய்விடும் என்று அந்த ஒரு கணத்தில் என் மனம் கணக்குப் போட்டது. அவ்வளவு வேகமாக நான் எந்தக் கணக்கும் போட்டதில்லை.

ஒருத்தியைப் பற்றிப் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொருத்தியைக் கன்னிவாடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? நீங்க எழுதிக் குடுத்ததாலதான் டீச்சர் எனக்குக் கல்யாணமே நடந்துச்சு. எங்க வீட்டுல இப்பவும் சொல்லுவாக."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினாள். பஞ்சுத் தூசி, மில்லில் இருந்ததிலிருந்தே இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குழந்தையை என் பக்கம் திருப்பி, "டீச்சருக்கு வணக்கம் சொல்லு" என்றாள். நான் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்தேன். எந்த பஸ் வந்தது என்று பார்க்காமல் ஏறிவிட்டேன். வத்தலக்குண்டில் இறங்கித் திரும்பி வந்தேன்.

என் மகளும் விரல் போன அந்தப் பெண்ணும் இன்னும் நெருக்கம்தான். அவளுக்கும் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். தையல் மிஷின் போட்டிருக்கிறாள், மீதி விரல்களால் துணியைப் பிடிக்கப் பழகிவிட்டாள். வருடாவருடம் ஆகஸ்டில் அந்தத் தேதியன்று என் மகள் முதலில் அவளுக்குத்தான் போன் செய்வாள். எனக்கு அதற்குப் பிறகுதான். ஒரே தேதி என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரே வாழ்த்து.

இந்த வருடமும் அப்படித்தான் கூப்பிட்டாள். மணி பதினொன்று இருக்கும். விடுமுறை நாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அவளே முந்திக்கொண்டாள், என்னைப்போலவே குரலைத் தாழ்த்தி:

"அம்மா, பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா?"

கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் சொல்ல வேண்டியது நாக்குவரை வந்துவிட்டது: மூன்று பேர், அந்தக் கடைசி வரி, கன்னிவாடிக்காரியின் இருமல் எல்லாம். இதைக் கேட்டால் அந்தப் பக்கம் அவள் என்னவாக ஆவாள், நான் அவளுக்கு என்னவாக ஆவேன் என்று நினைத்தேன்.

"ஆமா, அப்பா நிக்கிறாரு" என்றேன்.

அவர் அப்போது காட்டில் இருந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.